ஒரே பாதையில் நான்கு பருவங்கள்: ரொறன்ரோவில் காட்டு நடையும் ஸ்னோஷூ நடையும் தொடங்குவோருக்கு

கனடாவுக்கு வந்து சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் எங்களில் பலர் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலேயே காலத்தைக் கழித்திருக்கிறோம். கோடையில் பூங்காவுக்குப் போய்க் கூடியிருந்து சமைத்துச் சாப்பிடுவது உண்டு. ஆனால் காட்டுக்குள் நடப்பதற்கு விலை உயர்ந்த உபகரணங்களும் மலையேறுவோரின் உடற்பலமும் வேண்டும் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். இரண்டும் தேவையில்லை. ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் ஒருவர் பேருந்துக் கட்டணத்தோடு தொடங்கி, முதலாவது குளிர்காலம் முடிவதற்குள் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடப்பதற்காகச் சப்பாத்தின் அடியில் கட்டும் அகன்ற சட்டம்) கட்டிக்கொண்டு ஆழமான பனியில் அச்சமின்றி நடக்கும் நிலைக்கு எப்படி வரலாம் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்பும் முறை எளிமையானது. வாரத்துக்கு ஒரு புதிய இடம் தேடி ஓடாமல், வீட்டுக்கு அண்மையில் உள்ள ஒரு சிறிய பாதையைத் தேர்ந்துகொண்டு, ஓராண்டு முழுவதும் அதையே திரும்பத் திரும்ப நடவுங்கள். பாதை மாறாதபோதுதான் பருவம் செய்யும் மாற்றம் கண்ணில் படும். செப்டம்பரில் ஒரு மணி நேரம் எடுத்த அதே தூரம் பெப்ரவரியில் எவ்வளவு நேரம் எடுக்கிறது, எந்த இறக்கத்தில் ஐஸ் பிடிக்கிறது, எந்தப் பள்ளத்தில் ஏப்ரலில் சேறு நிற்கிறது என்பதெல்லாம் காலுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் பின்னர் தூரத்துக் காடுகளில் உதவும்.

பாதையைத் தேர்தல்

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவைத்தான். 2015 இல் நிறுவப்பட்ட இது கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா; நுழைவுக் கட்டணம் கிடையாது; ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்லும் நகரப் பேருந்திலேயே அதன் வாசலில் போய் இறங்கலாம். மிருகக்காட்சிச்சாலைக்கு அருகில் உள்ள விஸ்டா பாதை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளமானது; அதில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடையும் உண்டு. அதைப் பழகியபின் இரண்டரை கிலோமீட்டர் அளவான மாஸ்ட் பாதைக்குச் செல்லலாம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கப்பல்களின் பாய்மரங்களுக்காக வெட்டிய மரங்களைக் கொண்டுசென்ற பாதை என்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது.

மிசிசாகா, பிரம்டன், மார்க்கம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் தங்கள் நகரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் காடுகளில் இதே அளவான ஒரு பாதையைத் தேடிக்கொள்ளலாம். மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், வண்டி நிறுத்தவோ பேருந்தில் வரவோ வசதி வேண்டும், குறைந்தது ஓர் ஏற்றமாவது இருக்க வேண்டும். ஏற்றமே இல்லாத பாதையில் நடந்தால் கால் எதையும் கற்றுக்கொள்ளாது.

நேரக் கணக்கை முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். சமதரையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர், சிறுவர்களோ முதியவர்களோ கூட வந்தால் இரண்டரை அல்லது மூன்று, ஆழமான பனியில் அதிலும் பாதி என்று வைத்துக்கொள்வது போதுமானது. டிசம்பர் பிற்பகுதியில் ரொறன்ரோவில் மாலை 4.45 மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே புறப்படும் முன்னரே திரும்பும் நேரத்தைத் தீர்மானித்து, அந்த நேரம் வந்ததும் எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்ற எண்ணமே குளிர்காலத்தில் ஆட்களை இருட்டில் மாட்டிவிடுகிறது. எந்தப் பாதைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போவதும் அவசியம்.

செப்டம்பரில் தொடங்குங்கள்

பெரும்பாலானவர்கள் கோடையில் தொடங்குகிறார்கள். செப்டம்பரே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அப்போது நுளம்புகள் ஓய்ந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், வெயில் சுடாது. இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: அதன்பின் வாரத்துக்கு வாரம் குளிர் சிறிது சிறிதாகக் கூடும்போது உடலும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது, எந்த வெப்பநிலைக்கு எதை உடுத்த வேண்டும் என்பதும் தானாகவே பிடிபடுகிறது. கோடையில் நடந்துவிட்டு இடைவெளி விட்டு ஜனவரியில் வெளியே இறங்குபவர், எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க வேண்டியவராகிறார்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக ரூஜ் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறிவரும். ஆழமற்ற இடங்களில் முதுகு வெளியே தெரிய, கற்களில் அடிபட்டு, வாலால் தண்ணீரை அடித்து முன்னேறும் அந்தப் பெரிய மீன்களைக் கரையில் நின்று பார்ப்பதற்காகவே ஒரு காலை நேரத்தை ஒதுக்கலாம். ஆற்றில் இறங்கவோ அவற்றைத் தொடவோ கூடாது.

இந்தப் பருவத்துக்குச் சிறப்பு உபகரணம் எதுவும் தேவையில்லை. அடியில் நல்ல பிடிப்புள்ள, விரல் முனையில் சிறிது இடம் விட்ட சப்பாத்துகள் போதும். பையில் தண்ணீர், சாப்பாடு, ஒரு மழைச்சட்டை, மாற்றுக் காலுறை, தலையில் கட்டும் சிறு விளக்கு, முழுதாக மின்னேற்றிய கைபேசி ஆகியவை இருக்கட்டும். வரைபடத்தை இணையம் இல்லாமலே பார்க்கும்படி முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள். விழுந்த இலைகள் நனைந்தால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். அவற்றின் அடியில் மறைந்திருக்கும் வேர்களில்தான் அக்டோபரில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

மேப்பிள் மரங்களின் சிவப்பைப் பார்க்க, ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள அல்கோன்குவின் பூங்காவுக்குப் போக விரும்புவோர், செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் அங்கே உச்சக்கட்டம் என்பதையும், நுழைவு அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உடுப்பு: வியர்வைதான் எதிரி

குளிர்கால நடையில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு அளவுக்கு மீறி உடுத்துவது. என் முதலாவது ஜனவரி நடைக்குப் பருத்திப் பெனியன், அதன்மேல் தடித்த சுவெற்றர், அதற்கும் மேல் வேலைக்குப் போடும் கனத்த ஜக்கெட் என்று போட்டுக்கொண்டு போனேன். முதலாவது ஏற்றம் முடியும்போதே முதுகு நனைந்துவிட்டது. மேலே ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிய சில நிமிடங்களில் அந்த ஈரம் ஐஸ் தண்ணீராக மாறி முதுகில் ஒட்டியது, பற்கள் கிட்டின, ஜக்கெட்டின் சிப்பை இழுக்க விரல்கள் மடங்கவில்லை. அன்று வெப்பநிலை மைனஸ் எட்டுத்தான். குளிர் என்னை வெளியிலிருந்து தாக்கவில்லை, என் வியர்வை வழியாகவே உள்ளே வந்தது.

ஆகவே பருத்தியை வீட்டில் விட்டுவிடுங்கள். ஊரின் வெக்கையில் ஈரத்தைப் பிடித்துவைத்து உடலைக் குளிர்விக்கும் அதே குணம் இங்கே ஆபத்தாகிறது. தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் பிளீஸ் சட்டை, வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜக்கெட் என்று மூன்று அடுக்குகள் போதும். நிற்கும்போது போட்டுக்கொள்ள ஒரு தடித்த சட்டையைப் பையில் வையுங்கள். வண்டியை விட்டு இறங்கி நிற்கும்போது இலேசாகக் குளிர வேண்டும். அப்படியென்றால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். பத்து நிமிடம் நடந்ததும் உடல் சூடாகும். வியர்ப்பதற்கு முன்னரே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். ஜீன்ஸும் பருத்திதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கைக்கு ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை அதிக சூட்டைத் தரும். காலுக்கு இரண்டு சோடிக் காலுறைகளைத் திணித்துச் சப்பாத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மேலும் குளிரும். ஒரு சோடி நல்ல கம்பளிக் காலுறையே சிறந்தது.

புறப்படும் முன் வெப்பநிலையோடு, காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணிக்கும் காற்றுக்குளிர் எண்ணையும் (wind chill) பாருங்கள். கனடாவின் வானிலைச் சேவை தரும் அந்த எண் மைனஸ் 28 ஐ எட்டினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையக்கூடும். அத்தகைய நாளில் புதியவர்கள் வீட்டில் இருப்பதே சரி. கன்னத்திலோ மூக்கின் நுனியிலோ மெழுகு போல் வெளிறிய திட்டுத் தெரிந்தால் அது பனிக்கடியின் தொடக்கம். வெறும் கையின் சூட்டால் அதை மூடுங்கள்; தேய்க்கவே கூடாது. கூட வருபவர் அடக்க முடியாமல் நடுங்கத் தொடங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, அடிக்கடி தடுக்கினாலோ, நடையை அத்தோடு நிறுத்தி, ஈர உடுப்பை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுத்து, தாமதிக்காமல் சூடான இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். குழப்பமோ தூக்கக் கலக்கமோ தெரிந்தால் எதுவும் குடிக்கக் கொடுக்காமல் 911 ஐ அழையுங்கள்.

பனிக்கு முன் ஐஸ்

ரொறன்ரோவின் குளிர்காலத்தில் ஆழமான பனி நிற்கும் நாட்கள் குறைவு. பனி விழும், உருகும், மீண்டும் உறையும். நூறு பேர் மிதித்த பாதை கண்ணாடியாகிவிடும். இங்கே ஸ்னோஷூவால் பயன் இல்லை. சப்பாத்தின் மேல் இழுத்து மாட்டும் இறப்பர் பட்டையும் அடியில் சிறு இரும்புப் பற்களும் உள்ள ஐஸ் கிளீட்களைத்தான் முதலில் வாங்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை உங்கள் பையில் அவை எப்போதும் இருக்கட்டும். ஏற்றத்தைவிட இறக்கத்திலேயே அவை அதிகம் தேவைப்படும்.

தண்ணீர்ப் போத்தலைப் பையில் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்பரப்பிலிருந்தே உறையத் தொடங்குவதால், நிமிர்த்தும்போது ஐஸ் அடியில் போய்விடும், வாய் அடைபடாது. கைபேசியை உள்சட்டைப் பையில் உடலை ஒட்டி வையுங்கள். குளிரில் பட்டரி விரைவில் இறங்கிவிடும். சாப்பாட்டைப் பொறுத்தவரை, உறைந்து கல்லாகும் சொக்கலேட்டைவிட, தேங்காய்ப்பூ ரொட்டியைத் துண்டுகளாக்கி உள்ளே சம்பல் வைத்து மடித்துக்கொண்டு போவதே எனக்கு விருப்பம். ஒரு தேர்மஸ் நிறைய இஞ்சித் தேநீர் இருந்தால் வேறொன்றும் வேண்டாம்.

ஸ்னோஷூ

இந்த மண்ணின் முதற்குடிகள் சாம்பல் மரத்தை வளைத்துச் சட்டமாக்கி, பதனிடாத தோல் வாரால் வலை பின்னி, பல நூற்றாண்டுகளாகப் பனியில் நடக்கப் பயன்படுத்திய கருவி இது. இன்று சட்டம் அலுமினியம், வலைக்குப் பதிலாகத் தடித்த விரிப்பு. ஆனால் தத்துவம் அதேதான். உடலின் எடையை அகன்ற பரப்பில் பரப்பிவிடுவதால், கால் இடுப்பளவு புதையாமல் சில அங்குலம் மட்டும் இறங்குகிறது.

பதினைந்து, இருபது சென்ரிமீட்டருக்குக் குறையாத, மிதிபடாத பனி இருந்தால்தான் இதன் சுவை தெரியும். அதற்கு வடக்கே போக வேண்டும். முதல் இரண்டு தடவை வாடகைக்கு எடுங்கள்; வாங்குவதைப் பின்னர் பார்க்கலாம். அளவு உங்கள் உயரத்தைப் பொறுத்ததல்ல. உடுப்பும் பையும் சேர்ந்த மொத்த எடையைப் பொறுத்தது. மெலிந்தவர்களுக்கு 21 அல்லது 22 அங்குலம், நடுத்தர எடைக்கு 25, கனமானவர்களுக்கு 30 அங்குலம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு சோடிக்கும் உரிய எடை வரம்பு எழுதப்பட்டிருக்கும். நீளம் கூடக்கூட மிதக்கும், ஆனால் திருப்புவது கடினமாகும்.

கட்டும் விதத்தை முதல் நாள் இரவே வீட்டில் கையுறை போட்டுக்கொண்டு பழகுங்கள். குளிரில் வெறும் கையால் கொளுக்கியோடு மல்லுக்கட்டிய பின்னர் இந்த அறிவுரையின் பெறுமதி விளங்கும். சப்பாத்தின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டி நீக்குங்கள். பெருவிரலுக்குக் கீழே உள்ள பாதத்தின் அகன்ற பகுதி, ஸ்னோஷூவின் சுழலும் அச்சுக்கு நேர்மேலே வர வேண்டும். விரல் முனை முன்னால் உள்ள துளையின் விளிம்பில் இடித்தால் சற்றுப் பின்னால் இழுங்கள். முதலில் முன்பட்டைகளையும் பின்னர் குதிக்கால் பட்டையையும் இறுக்குங்கள். கொளுக்கிகள் இரு காலிலும் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும்; உள்ளே பார்த்தால் வலதும் இடதும் மாறிவிட்டன. குதிக்கால் தாராளமாக மேலெழ வேண்டும். ஸ்னோஷூவின் வால் பனியில் இழுபட்டு வருவதுதான் சரியான நடை. கால்களைச் சற்று அகட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் விளிம்பை மற்றது மிதித்துக் குப்புற விழுத்தும்.

பின்னோக்கி நடக்க முயல வேண்டாம். வால் பனியில் குத்தி விழுவீர்கள். சிறிய அரைவட்டம் போட்டுத் திரும்புங்கள். ஏறும்போது முன்காலைப் பனிக்குள் உதைத்து, அடியில் உள்ள பற்கள் பிடித்ததை உணர்ந்த பின்னரே எடையை மாற்றுங்கள். இறங்கும்போது முழங்காலை மடக்கி, எடையைக் குதிக்கால் பக்கம் வைத்து, சிறிய அடிகளாக இறங்குங்கள். நுனியில் வட்டத் தட்டுள்ள ஊன்றுகோல்கள் இரண்டு இருந்தால் முதல் நாளிலேயே சமநிலை வந்துவிடும். விழுவது உறுதி, வலிக்காது. எழுவதற்குப் பக்கவாட்டில் புரண்டு, முழங்காலில் ஊன்றி, ஊன்றுகோல்கள் இரண்டையும் பனியின்மேல் குறுக்காகக் கிடத்தி அவற்றை அழுத்தி எழும்புங்கள். புதிய பனியில் முன்னால் நடப்பவருக்கே களைப்பு அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒருவராக முறை மாறிக்கொள்ளுங்கள்.

பனிச்சறுக்குக்காக இயந்திரத்தால் சீராக்கிய தடங்களில் ஸ்னோஷூவோடும் சப்பாத்தோடும் நடக்கக் கூடாது. அந்தக் கோடுகளைச் சிதைத்தால் சறுக்கி வருபவர் விழுவார். உறைந்த ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் மேல் புதியவர்கள் கால் வைக்கவே வேண்டாம். நீரோட்டம் உள்ள இடத்தில் ஐஸ் மெல்லியதாக இருக்கும், மேலே கிடக்கும் பனி அதை மறைத்துவிடும்.

முதல் ஸ்னோஷூ நடைக்கு அல்கோன்குவினில் உள்ள ஸ்புரூஸ் பொக் பாதையைப் பரிந்துரைக்கிறேன். நெடுஞ்சாலை 60 இல் பார்வையாளர் நிலையத்துக்கு மிக அருகில், ஒன்றரை கிலோமீட்டர் சுற்று, பெரிய ஏற்றம் இல்லை. ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம் என்பதால் காலை ஏழு மணிக்கு முன்னரே புறப்படுங்கள். எரிபொருளை முன்கூட்டியே நிரப்புங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. அங்கே நின்றால் சாம்பல் நிற கனடா ஜே பறவைகள் சத்தமில்லாமல் அருகே வந்து கிளையில் அமரும். இலையுதிர் காலத்தில் மரப்பட்டைகளின் இடுக்குகளில் ஒளித்துவைத்த உணவை நம்பி, பனி உருகுவதற்கு முன்னரே கூடு கட்டும் பறவை அது. தளிர்காலம் வரட்டும் என்று காத்திராத அந்தச் சிறு உயிரை மைனஸ் பன்னிரண்டில் ஒரு கை நீளத்தில் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இங்கே எழுதியது ஒன்ராறியோவின் தாழ்ந்த குன்றுகளுக்கே பொருந்தும். அல்பேர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் உள்ள மலைகளில் பனிச்சரிவு உயிரைப் பறிக்கும். அதற்கான பயிற்சியும் கருவிகளும் இல்லாமல் அந்தச் சரிவுகளில் ஸ்னோஷூவோடு இறங்க வேண்டாம்.

சேறும் பூவும்

மார்ச் கடைசியும் ஏப்ரலும் சேற்றுக் காலம். சேற்றை விலக்கிப் பாதையின் ஓரத்தில் நடப்பது இயல்பான ஆசைதான்; ஆனால் ஒவ்வொருவரும் அப்படி விலகினால் பாதை அகன்று, ஓரத்துச் செடிகள் அழிந்துவிடும். சேற்றின் நடுவாலேயே நடவுங்கள், சப்பாத்தைக் கழுவிக்கொள்ளலாம். ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை மூன்று வெள்ளை இதழ்களோடு காட்டுத் தரையை நிறைக்கும் திரில்லியம், 1937 இலிருந்து ஒன்ராறியோவின் மலராக இருக்கிறது. விதையிலிருந்து முளைத்த செடி பூப்பதற்கு ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுக்கும். தயவுசெய்து பறிக்காதீர்கள், பிள்ளைகளையும் பறிக்க விடாதீர்கள்.

கோடையும் உண்ணியும்

கோடை நடைக்குத் தண்ணீரும் தொப்பியும் நுளம்பு மருந்தும் போதும். வடக்கே மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை கறுப்பு ஈக்கள் கடித்து இரத்தம் கசிய வைக்கும்; அந்த வாரங்களில் அல்கோன்குவினைத் தவிர்ப்பதே என் வழக்கம். மூன்று இலைகள் சேர்ந்து வளரும் நச்சுப் படர்கொடியை (poison ivy) அடையாளம் காணப் பழகுங்கள். அது பட்டால் தோல் கொப்பளிக்கும்.

உண்ணியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் ரூஜ் பூங்காவிலும் உள்ளன. வெப்பநிலை 4 பாகையைத் தாண்டிய எந்த நாளிலும் அவை இயங்கும் என்பதால் கோடை மட்டுமன்றித் தளிர்காலமும் இலையுதிர் காலமும் ஆபத்தானவையே. நீளக் காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிட்டு, பாதையின் நடுவால் நடவுங்கள். வீடு திரும்பியதும் குளித்து, முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், தலைமயிரின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். இளம் உண்ணி கசகசா விதையளவுதான் இருக்கும்.

கடித்திருந்தால், கூர்முனைச் சாவணத்தால் தோலுக்கு மிக அண்மையில் பிடித்து, முறுக்காமல் நேராக மேல்நோக்கி இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது ஆகிய கைமருந்துகள் வேண்டாம். உண்ணி 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஒட்டியிருந்திருக்கலாம் என்று தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்குப் போங்கள். 2023 இலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே பரிசோதித்துத் தடுப்பு மருந்தை எழுதித் தரலாம், குடும்ப மருத்துவரின் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த பாதை

ஓராண்டு முடிந்ததும் புரூஸ் பாதைக்குப் போகலாம். நயாகராவின் குயின்ஸ்டனில் தொடங்கி டொபமோரியில் முடியும் இதன் நீளம் 900 கிலோமீட்டர் அளவானது. 1967 இல் திறக்கப்பட்டது. மரங்களில் பூசிய வெள்ளைப் பட்டை பிரதான பாதையையும் நீலப் பட்டை கிளைப் பாதையையும் குறிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் தெரிந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள். மேற்பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள். சில நிமிடங்களாகப் பட்டை எதுவும் கண்ணில் படவில்லையென்றால் வழி தவறியிருக்கிறீர்கள். முன்னே போகாமல், கடைசியாகப் பட்டையைக் கண்ட மரத்துக்கே திரும்பி வந்து, அங்கே நின்று அடுத்ததைத் தேடுங்கள்.